ஜன்னல் திறப்புத் தீர்மானம்

ஹோல்ஸ்டெட்டன் ஊரில் கஞ்சா வளர்ப்பது குற்றமில்லை. வளர்ந்துவிட்டால்தான் சிக்கல். தலைநகரில் உட்கார்ந்து சட்டம் போட்டவர்களுக்கு இது தெரியாது. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஃப்ரீட்ஹெல்ம் ஓஸ்டர்காம்புக்கும் அந்தக் கோடை வரும்வரை தெரியாது.

ஃப்ரீட்ஹெல்முக்குக் கஞ்சா மேல் ஆசை எதுவும் இல்லை. அவருடைய போதை ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கோப்பை பீரோடு முடிந்துவிடும். கஞ்சா தேவைப்பட்டது அவர் மனைவி அன்னகிரெட்டின் கால்களுக்கு. நரம்பு நோய் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அந்தக் கால்கள் அவள் பேச்சைக் கேட்பதில்லை. படுத்ததும் இரண்டும் முறுக்கிக்கொண்டு கல்லாகிவிடும். ஃப்ரீட்ஹெல்ம் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துவிடுவார்; அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். மருத்துவர் கொடுத்த மாத்திரை கால்களை விட்டுவிட்டு மூளையைத் தூங்க வைத்தது. மருந்துக்கடைக் கஞ்சாவுக்குக் காசு தர முடியாது, வேறு மாத்திரைகளையும் தின்று பார்த்துப் பலனில்லை என்று தெரிந்த பிறகு வாருங்கள் என்று காப்பீட்டுக்காரர்கள் எழுதினார்கள்.

மிச்சம் இருந்தவன் மார்கோ ஒருவன்தான். ரயில் நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று விற்பான். எடை கூட்டுவதற்காகச் சரக்கின் மேல் முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடித்து வைப்பான். அதைப் புகைத்தால் அன்னகிரெட்டின் கால் அடங்கும், தொண்டை வெந்துபோகும், மறுநாள் முழுக்க வாயில் சலூன் வாசனை அடிக்கும். "உன் பொண்டாட்டிக்கு உள்நாக்குல சுருட்டை முடி அலங்காரம் பண்ணி விட்டிருக்கான் உன் மார்கோ" என்று அவள் சொல்வாள். அதனால்தான் சட்டம் மாறி, ஊரில் கஞ்சா வளர்ப்போர் சங்கம் ஒன்று ஆரம்பித்ததும் இருவரும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டிலேயே மூன்று செடி வைத்துக்கொள்ளச் சட்டம் விட்டது. ஆனால் அவர்கள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்காரியம்மா மழலையர் காப்பகம் நடத்தினாள். அந்த அம்மாளின் மூக்கு ஊர் அறிந்த மூக்கு.

சங்கம் என்றால் அந்த நாட்டில் சாதாரணமில்லை. மூன்று பேர் சேர்ந்து மழைக்கு ஒதுங்கினால் மழை விடுவதற்குள் ஒருவர் தலைவராகி, இன்னொருவர் பொருளாளராகி, மூன்றாமவர் மழைக்கு ஒதுங்குவதற்கான சட்டதிட்டத்தை எழுதி முடித்திருப்பார். கஞ்சா சங்கத்தின் தலைவர் எக்கார்ட், வருமான வரித் துறையில் ஆயுசைக் கழித்தவர். கஞ்சாவைப் புகைத்ததே கிடையாது. கூட்டம் நடத்துவதுதான் அவருக்குப் போதை, அதை அளவில்லாமல் ஏற்றிக்கொள்வார். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே விதி போட்டார். தோழமை வளர வேண்டுமாம். அவருக்கு அடுத்தவள் ஹைகே, போதைத் தடுப்புப் பொறுப்பாளர். கஞ்சா வளர்க்கும் சங்கத்தில், கஞ்சாவைப் பிடிக்காத ஒருவர் கட்டாயம் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது அரசாங்க நிபந்தனை. அந்த நிபந்தனைக்கு ஹைகேயை விடப் பொருத்தமான ஆள் அந்த மாவட்டத்தில் கிடைக்க மாட்டார்.

மூடிக் கிடந்த பழைய பால் பண்ணையின் மாடியை நகராட்சி வாடகைக்கு விட்டது. உரிமம் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ஒரு வழியாகச் செடி நட்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் செடிகள் மளமளவென்று வந்தன. உறுப்பினர் ஒவ்வொருவரும் வளர்ப்பு வேலையில் நேரடியாகப் பங்கெடுக்க வேண்டும் என்பதும் சட்டம். நிற்க முடியாத அன்னகிரெட்டுக்கு என்ன வேலை கொடுப்பது என்று ஆராய்ந்து, செடிகளுக்கு அருகில் உட்கார்ந்து கவனிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். பால் கேன் ஏற்றும் லிஃப்டில் அவளை ஏற்றி ஃப்ரீட்ஹெல்ம் மேலே கொண்டு போவார். அவளும் முறையாகக் கவனித்தாள். கதவோரம் முதல் வரிசையில் நின்ற குண்டுச் செடிக்குத் தன் அக்கா லீஸலோட்டேயின் பெயரை வைத்தாள். மொட்டு விட்ட அன்று அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள்தான் அக்கா, அப்புறம் என் காலை நீ பாத்துக்க" என்றாள்.

அந்த வாரம்தான் வெயில் வந்தது. ஆற்றில் படகு ஓடவில்லை, தண்டவாளம் வளைந்து ரயில் நின்றது, மேயர் அரைக்கால் சட்டையோடு அலுவலகம் வந்தார். மாடியில் விளக்குகள் கொதித்தன, கூரை ஓடு கொதித்தது. அறைக்குள் நுழைந்தால் வேகவைத்த சாக்ஸை முகத்தில் கட்டிய மாதிரி இருந்தது.

"கிழவா, லீஸலோட்டே இலையெல்லாம் மேல பாத்து மடங்குது பாரு. வாய்க்கால் மாதிரி" என்றாள் அன்னகிரெட்.

"தண்ணி பத்தலையோ?"

"தண்ணி ஊத்திட்டுத்தானே இருக்க. சூடு. ஜன்னலைத் தொற."

ஃப்ரீட்ஹெல்ம் ஜன்னலருகே போய்க் கொக்கியில் கை வைத்தார். பின்னாலிருந்து ஹைகேயின் குரல் வந்தது.

"கையை எடு ஃப்ரீட்ஹெல்ம்."

"காத்து வேணும் ஹைகே. செடி வாடுது."

"காத்து உள்ள வந்தா பரவாயில்ல. வாடை வெளிய போகும். வாடை வெளிய போனா தெருவுல போற பிள்ளைங்களுக்கு அது விளம்பரம். உரிமத்துல தெளிவா இருக்கு, ஜன்னல் எப்பவும் மூடியே இருக்கணும்."

"ஆனா நகராட்சி வாடகை ஒப்பந்தத்துல காலையிலயும் சாயங்காலமும் ஜன்னலை அகலத் தொறந்து காத்தோட்டம் விடணும்னு இருக்கே" என்றாள் அன்னகிரெட். இது அந்த நாட்டில் யாரும் மீறாத விஷயம். குளிர்காலத்தில் பனி கொட்டினாலும் காலையில் ஜன்னலைத் திறந்து வீட்டைக் காற்றாட விடாதவனை அங்கே மனிதனாக மதிக்க மாட்டார்கள். சுவரில் பூஞ்சை பிடித்துவிடும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள்.

எக்கார்ட் வரவழைக்கப்பட்டார். இரண்டு விதிகளும் நேருக்கு நேர் முட்டிக்கொள்கின்றன என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. புதுப் பேரக் குழந்தையைப் பார்ப்பது போல அந்த ஜன்னலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"திறக்கணும், திறக்கக் கூடாது. ரெண்டும் செல்லும். அருமையான நிலைமை" என்றார். "இதை ஒரு தனி ஆள் கொக்கியைத் திருகித் தீர்க்கக் கூடாது. ஜன்னலைத் திறக்கறதுன்னா இடத்தோட அமைப்பையே மாத்தறது. பொதுக்குழு கூடித் தீர்மானம் போடணும். மொத்த உறுப்பினர்ல மூணுல ரெண்டு பங்கு நேர்ல வந்திருக்கணும்."

பொதுக்குழு கூடியது. தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில், ஜன்னல்களை எல்லாம் அகலத் திறந்து வைத்துக்கொண்டு கூடியது. ஆனால் வெயிலுக்குப் பயந்து பாதி உறுப்பினர்கள் மயோர்க்கா தீவுக்கும், மீதியில் பாதி பால்டிக் கடற்கரைக்கும் போயிருந்தார்கள். தலைக்கணக்குப் போதவில்லை. போதவில்லை என்பதை முறைப்படி நிலைநாட்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கழிப்பறைக்குப் போயிருப்பவர் வந்தவரா வராதவரா என்பதில் கருத்து வேறுபாடு.

அன்னகிரெட் கையைத் தூக்கினாள். "ஜன்னல் வேண்டாம். பகல்ல விளக்கை அணைச்சுட்டு ராத்திரி போடுவோம். ராத்திரி வெளிய குளிர்ச்சியா இருக்கு, சூட்டை விசிறி வெச்சு குழாய் வழியா வெளிய தள்ளிரலாம். குழாய்லதான் வாடை பிடிக்கிற கரி வடிகட்டி இருக்கே. செடிக்கு எது பகல், எது ராத்திரின்னு நாமதானே சொல்றோம்."

இவ்வளவு எளிதாக ஒரு விஷயம் முடிந்துவிடக் கூடும் என்ற பீதி எல்லார் முகத்திலும் தெரிந்தது. எக்கார்ட்தான் முதலில் சமாளித்துக்கொண்டார்.

"விசிறி சத்தம் போடும். ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் கூடாது, ஊர் விதி."

"அப்ப பகல்ல விசிறியைப் பெருசா போடுவோம்" என்றார் ஃப்ரீட்ஹெல்ம்.

"மத்தியானம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் ஓய்வு நேரம். ஞாயித்துக்கிழமை நாள் முழுக்க."

"வெயில் கொளுத்தறதே அந்த நேரம்தானே."

"சரியாப் பிடிச்ச. பிரச்சினையைப் புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆள் நீதான்" என்றார் எக்கார்ட். அந்தப் பாராட்டிலிருந்து ஒரு பதவி பிறந்தது. அங்கேயே ஃப்ரீட்ஹெல்மைச் சங்கத்தின் வெப்ப அலுவலராக நியமித்தார்கள். மஞ்சள் நிற மேலங்கி ஒன்றும் கொடுத்தார்கள். அது பளபளக்கும் பிளாஸ்டிக் துணி. போட்டதும் முதுகில் வியர்வை ஊற்றெடுத்தது. நியமனத்துக்கு மட்டும் தலைக்கணக்கு எப்படிப் போதுமானதாக இருந்தது என்று கேட்கும் தெம்பு அவருக்கு இல்லை.

கூட்டத்தின் முடிவில் ஹைகே பேசினாள். ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் பேச வேண்டும் என்பதும் விதி.

"அன்புத் தோழர்களே, செடி வாடுதுன்னு சிலர் கவலைப்படறதைப் பாக்கறேன். நான் பதினெட்டு மாசத்துக்கு மேலா இந்தப் பொறுப்புல இருக்கேன். இதுவரைக்கும் நம்ம சங்கத்தால ஒருத்தருக்குக் கூட தீங்கு வரல. ஏன்? ஒரு இலை கூட இன்னும் யார் கைக்கும் போகல. இந்தச் சாதனையை விளைச்சல்ங்கற ஒரே காரணத்துக்காக இழந்துடக் கூடாது."

கை தட்டினார்கள். அன்னகிரெட் தட்டவில்லை, அவள் இரண்டு கையாலும் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெப்ப அலுவலர் தம் அறிவுக்கு எட்டியதைச் செய்தார். வீட்டு உறைபெட்டியில் தண்ணீர் பாட்டில்களைக் கல்லாக உறைய வைத்து, சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய், மேசை விசிறிக்கு முன்னால் அடுக்கினார். காற்று பனிக்கட்டியில் பட்டு வந்தது. லீஸலோட்டேயின் இலைகள் மெல்லப் பிரிந்தன. இரண்டு நாள் அவர் மனம் லேசாக இருந்தது. மூன்றாம் நாள் ஹைகே வந்தாள். கழுத்தில் கம்பளிச் சவுக்கம் சுற்றியிருந்தாள், அந்த வெயிலில்.

"இங்க காத்து நேரா ஆள் மேல அடிக்குது" என்றாள்.

"செடி மேல அடிக்கத்தான் வெச்சேன்."

"செடிக்குக் கழுத்து இல்ல ஃப்ரீட்ஹெல்ம். எனக்கு இருக்கு. நேத்து இங்க நின்னுட்டுப் போனதுல இருந்து திருப்ப முடியல. உறுப்பினர் யாருக்காவது காத்து பட்டுக் கழுத்து பிடிச்சுக்கிட்டா யார் பொறுப்பு?"

காற்று பட்டால் கழுத்து பிடிக்கும் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சை, காற்று பட்டால் கழுத்து. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு தேசமே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள். சுவர் குளிர்ந்தது.

அடுத்து மாவட்டக் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து ஃப்ராவ் டாக்டர் பிரின்க்மான் என்ற அதிகாரி அம்மாள் வந்தார். பொருத்தமான அளவில் தைத்த சாம்பல் நிற உடுப்பு, வியர்க்காத முகம். கையோடு கொண்டுவந்த வெப்பமானியை அறையின் நடுவில் நிறுத்தி, பக்தியோடு பார்த்தார். பாதரசம் முப்பத்தெட்டில் நின்றது.

"முப்பத்தஞ்சுக்கு மேல போனா அந்த இடத்துல மனுஷங்க வேலை செய்யக் கூடாது. தொழிலாளர் பாதுகாப்பு விதி" என்றார். "இந்த அறையை உடனே மூடணும்."

ஃப்ரீட்ஹெல்முக்கு நம்பிக்கை வந்தது. "ரொம்ப நல்லது ஃப்ராவ் டாக்டர். அப்ப செடியை எல்லாம் கீழ் அறைக்கு இறக்கிடறோம். அங்க குளுகுளுன்னு இருக்கு."

"கீழ் அறைக்கு உரிமம் இல்ல. செடி இங்கதான் இருக்கணும். நீங்கதான் வெளிய போகணும்."

"அப்ப தண்ணி யாரு ஊத்தறது?"

"ஓஸ்டர்காம்ப், விதி மனுஷங்களைக் காப்பாத்த வந்தது. செடி நம்ம தொழிலாளி இல்ல." அவர் குரலில் கனிவு கூட இருந்தது. "நீங்க எங்க அலுவலகத்தைத் தப்பாப் புரிஞ்சிருக்கீங்க. நாங்க எதுக்கும் எதிரி இல்ல. செடி வளரணும்னும் நினைக்கல, வளரக் கூடாதுன்னும் நினைக்கல. கண்காணிக்கணும்னு நினைக்கறோம். கண்காணிக்கறதுக்கு எது வசதின்னு கேட்டா, அசையாத பொருள் வசதி. போன வருஷம் பக்கத்து ஊர்ல ஒரு சங்கம் நல்லா அறுவடை பண்ணிட்டாங்க. நிறுத்து, பொட்டலம் போட்டு, ஆளாளுக்குக் கொடுத்து, நாங்க ஒவ்வொண்ணையும் சரிபாத்து, என் ஆளுங்க ரெண்டு பேர் மன அழுத்த விடுப்புல போனாங்க. ஒரு சங்கம் விளைச்சலுக்கு ஆசைப்படறப்ப, எங்க ஊழியர்களையும் கொஞ்சம் நினைச்சுப் பாக்கணும்."

கதவுக்கு முத்திரை வைக்கப் போனவர், ஃப்ரீட்ஹெல்மின் முகத்தைப் பார்த்து ஒரு சலுகை கொடுத்தார். ஃப்ரீட்ஹெல்ம் தினமும் ஒரு தடவை முத்திரையைப் பிரித்து, வாசற்படிக்கு வெளியே நின்று, உள்ளே காலெடுத்து வைக்காமல், தோட்டத்துப் பீச்சாங்குழலால் தண்ணீர் அடிக்கலாம்; அடித்ததும் மறுபடி ஒட்டிவிட வேண்டும். தண்ணீர் முதல் வரிசைக்கு மட்டும் எட்டியது. பின்வரிசைச் செடிகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்வதை அவர் படிக்கு வெளியே நின்று பார்த்தார். வேலியே பயிரை மேய்ந்தால்கூட மேய்ந்த மாட்டின் வயிறாவது நிறையும். இது யார் வயிற்றுக்கும் போகாமல் பயிர் சாகும் வேலி. அன்னகிரெட்டிடம் பின்வரிசையைப் பற்றிச் சொல்லவில்லை.

"லீஸலோட்டே எப்படி இருக்கா?" என்று மட்டும் அவள் கேட்பாள்.

"நிக்கறா" என்பார். அது ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சம். அந்த ஒரு செடி நின்றால்கூட அன்னகிரெட்டின் பங்குக்குக் குளிர்காலம் வரை தாங்கும்.

ஆனால் சங்கம் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். எக்கார்ட் ஏசி வாங்க ஏற்பாடு செய்தார். சூட்டை வெளியே தள்ளும் பெட்டியை வெளிச்சுவரில் மாட்ட வேண்டும். பால் பண்ணையோ புராதனக் கட்டடம். வெளிச்சுவரில் நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ வரைந்த மாடு ஒன்று இருந்தது. மழையில் கரைந்து இப்போது பின்பாதி மட்டும்தான் மிச்சம். புராதனச் சின்னங்கள் துறையிலிருந்து வந்த மனிதர் அந்தப் பின்பாதியை நெடுநேரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இதன் மேல் ஓர் ஆணி இறங்கினாலும் பண்பாடு செத்துவிடும் என்றார். ஹைகேயும், பிரின்க்மானும், எக்கார்டும், அந்த மனிதரும் பல சுற்றுப் பேசினார்கள். கடைசியில் எல்லாருக்கும் சம்மதமான வழி ஒன்று கிடைத்தது. அந்தப் பெட்டியை அறைக்கு உள்ளேயே மாட்டிவிடுவது.

திறப்பு விழா வைத்தார்கள். முத்திரையை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பிரித்தார்கள். நடைவழியில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அந்த ஊர் வழக்கப்படி சமைக்காத பன்றிக்கறிக் கொத்தை வெங்காயத்தோடு பூசிய ரொட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அந்தச் சூட்டில் பச்சைக் கறி வியர்த்துப் பழுப்பேறிக்கொண்டிருந்தது. ஈக்கள் வெங்காயத்தை விலக்கிவிட்டுக் கறியில் உட்கார்ந்தன. விருந்தினர்கள் ஈயை விலக்கிவிட்டுச் சாப்பிட்டார்கள். பிரின்க்மானின் உதட்டோரம் ஒட்டிய கொழுப்பைப் பார்த்ததும் ஃப்ரீட்ஹெல்ம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குளிர் இந்தப் பெட்டியில இருந்து வரும்" என்று எக்கார்ட் இடதுபக்கம் காட்டினார். "சூடு அந்தப் பெட்டியில இருந்து வரும்" என்று வலதுபக்கம் காட்டினார். இரண்டுக்கும் நடுவில் எட்டு அடி தூரம்.

சக்கர நாற்காலியிலிருந்து அன்னகிரெட் கேட்டாள். "அந்தச் சூடு அப்புறம் எங்க போகும் எக்கார்ட்?"

"எங்கயும் போகாது. அதுதான் நம்ம ஏற்பாட்டோட சிறப்பு. ஒரு துளி சூடு கூடக் கட்டடத்தை விட்டு வெளிய போகாது."

"வெளியேற்றம் பூஜ்யம்" என்று பிரின்க்மான் திருத்தமாகச் சொன்னார். "சுற்றுச்சூழல் துறையில கூட விசாரிச்சேன். அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்."

"அப்ப செடிக்கு?"

"செடிக்கு ரெண்டு பக்கமும் கிடைக்குது" என்றார் எக்கார்ட், குழந்தைக்குச் சொல்வது போல. "எது வேணுமோ எடுத்துக்கலாம்."

வெப்ப அலுவலர் என்ற முறையில் பொத்தானை அமுக்கும் கௌரவம் ஃப்ரீட்ஹெல்முக்குக் கிடைத்தது. அவர் தயங்கி அன்னகிரெட்டைப் பார்த்தார். அவள் தலையை மெதுவாக இடவலமாக ஆட்டினாள். அத்தனை படித்த மனிதர்கள் வாயில் ரொட்டியோடு காத்திருந்தார்கள். தெரியாமலா செய்வார்கள், ஏதாவது இருக்கும் என்று நினைத்தார். ஆயுசு முழுக்கப் பேருந்து ஓட்டியவர்; சிவப்பு விளக்கு எரிந்தால் எதற்கு என்று கேட்காமல் நின்றவர், பச்சை எரிந்தால் போனவர். அமுக்கினார். இயந்திரம் உறுமியது. கை தட்டினார்கள், கதவைச் சாத்தினார்கள், முத்திரை வைத்தார்கள்.

மறுநாள் அவர் பீச்சாங்குழலோடு போய்க் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த அனலில் புருவம் பொசுங்கியது. இரண்டு பெட்டிகளும் ஒன்றின் மூச்சை ஒன்று வாங்கிக்கொண்டு முழு வேகத்தில் உழைத்துக்கொண்டிருந்தன. லீஸலோட்டே நின்ற இடத்தில் பழைய துடைப்பம் ஒன்று நட்டு வைத்த மாதிரி இருந்தது. படிக்கு வெளியே நின்றே அதன் மேல் தண்ணீர் அடித்தார். இலைகள் நொறுங்கி விழுந்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியை அடுப்பில் ஏற்றி, அதற்கு மாலையும் போட்டிருந்தார்கள். பற்றவைத்த கை அவருடையது.

செத்த செடியைக் கூட அவர்கள் விடவில்லை. பிரின்க்மான் முன்னிலையில் எல்லாவற்றையும் பொடியாக அரைத்து, யாரும் பொறுக்கிப் புகைத்துவிடாதபடி காபிச் சக்கையும் பூனை மணலும் கலந்து சாக்கில் கட்டினார்கள். வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு பிரின்க்மான் சிறிய உரை நிகழ்த்தினார்.

"மாவட்டத்துல எத்தனையோ சங்கம் இருக்கு. திருட்டு இல்ல, வாடைப் புகார் இல்ல, சத்தப் புகார் இல்ல, அளவுக்கு மிஞ்சின விநியோகம் இல்ல, விநியோகமே இல்ல. இப்படி ஒரு சங்கத்தை என் பணிக்காலத்துல பாத்ததில்ல. முன்மாதிரிச் சங்கம்னு உங்களைச் சிபாரிசு பண்றேன்."

எக்கார்டின் கண்கள் கலங்கின. ஹைகே அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். ஃப்ரீட்ஹெல்ம் மஞ்சள் அங்கியைக் கழற்றி அந்தச் சாக்கிலேயே போட்டார். அது பிளாஸ்டிக், வேறு குப்பைத் தொட்டியில் போட வேண்டும் என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அன்னகிரெட் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் கால் முறுக்கத் தொடங்கியது. அவர் பிடித்துவிட்டார். கெண்டைக்கால் சதை விரலுக்கடியில் பாறையாக உருண்டது. அவள் பற்களுக்கு நடுவிலிருந்து பேசினாள்.

"மார்கோகிட்டப் போயிட்டு வா கிழவா."

"உனக்குத் தொண்டை..."

"எனக்குத் தொண்டை எப்படிப் போனாலும் பரவாயில்ல. போ."

ரயில் நிலையத்துக்குப் பின்னால் வெயில் இன்னும் சாய்ந்திருக்கவில்லை. கொட்டகையருகே ஒரு வரிசை நின்றது. ஒருவருக்கொருவர் ஒரு கை இடைவெளி விட்டு, முண்டாமல் முனகாமல், தபால் நிலையத்தில் நிற்பது போல நின்றார்கள். கிட்டப் போனதும் ஃப்ரீட்ஹெல்முக்கு முகங்கள் தெரிந்தன. மயோர்க்காவில் தோலுரிந்து திரும்பியவர்கள், பால்டிக் கரையில் கறுத்துத் திரும்பியவர்கள், கழிப்பறைக்குப் போனவர். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கழுத்துச் சவுக்கத்தால் வாயை மூடிக்கொண்டு ஹைகே. எல்லாருக்கும் முன்னால், சட்டைப் பையில் பொட்டலத்தின் நுனி தெரிய, எக்கார்ட்.

"எனக்கு இல்ல. என் மச்சினனுக்கு" என்றார் எக்கார்ட்.

மார்கோ மட்டும் சிரித்தான். "சங்கம் ஆரம்பிக்கறீங்கன்னு கேட்டப்ப என் பொழப்பு போச்சுன்னு நெனச்சேன். நல்ல மனுஷங்கய்யா நீங்க. அடுத்தது யாரு?"

எக்கார்ட் நகரவில்லை. வரிசையின் நுனியிலிருந்து கடைசிவரை அவர் உதடு அசைந்துகொண்டே போனது. ஃப்ரீட்ஹெல்மில் வந்து முடிந்ததும் அவர் முகம் ஒளிர்ந்தது.

"தோழர்களே, ஒரு நிமிஷம். மூணுல ரெண்டு பங்கு இருக்கோம்."

வரிசை திரும்பிப் பார்த்தது.

"தலைக்கணக்கு முழுசா இருக்கு. முதல் தடவையா. கூட்டம் எந்த இடத்துல நடக்கணும்னு சட்டதிட்டத்துல சொல்லல. ஜன்னலைத் திறக்கற தீர்மானம் ஒண்ணு நிலுவையில நிக்குது."

"செடி செத்துப் போச்சு எக்கார்ட்" என்றார் ஃப்ரீட்ஹெல்ம்.

"அது வேற விஷயம். நிலுவையை வெச்சுக்கிட்டு அடுத்த வருஷத்துக்குப் போக முடியாது. ஆதரிக்கறவங்க கையைத் தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. சிலவற்றில் பொட்டலம் இருந்தது. ஹைகே வாயிலிருந்து சவுக்கத்தை இறக்கிவிட்டுக் கையைத் தூக்கினாள். ஃப்ரீட்ஹெல்ம் அந்தக் கைகளைப் பார்த்தார். காறித் துப்பிவிட்டுப் போய்விட வேண்டும் என்று நினைத்தார். பிறகு, காற்றில் நிற்கும் இன்னொரு கை தம்முடையது என்பது அவருக்குத் தெரிந்தது. எப்போது தூக்கினார் என்று தெரியவில்லை. பொத்தானை அமுக்கிய அதே கை.

"ஒருமனதா நிறைவேறிருச்சு" என்றார் எக்கார்ட். வரிசையில் மெல்லக் கை தட்டினார்கள். மார்கோவும் தட்டினான்.

வீட்டில் அன்னகிரெட் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். ஃப்ரீட்ஹெல்ம் சுருட்டிக் கொடுத்ததை இழுத்தாள், இருமினாள், கண்ணில் நீர் வர மறுபடி இழுத்தாள். அறையில் சலூன் வாசனை பரவியது. கொஞ்ச நேரத்தில் முழங்கால் தளர்ந்து, பாதம் தரையில் படிந்தது.

"அங்க யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாரும் இருந்தாங்க. கூட்டம் நடந்துச்சு."

"என்ன முடிவு?"

"ஜன்னலைத் தொறக்கலாம்னு தீர்மானம்."

"நீ?"

"நானும் கையைத் தூக்கினேன்."

அன்னகிரெட் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கீழே காப்பக வாசலில் வீட்டுக்காரியம்மா மூக்கை உயர்த்திக்கொண்டு நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"சரி. இப்ப நம்ம ஜன்னலைச் சாத்து" என்றாள்.

வெக்கையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஃப்ரீட்ஹெல்ம் எழுந்து போய்ச் சாத்தினார்.